பூமாலையின் நகங்கள்

மல்லாட்டை என்று அந்தப் பக்கத்தில் சொல்லும் வேர்க்கடலைக்குத் திண்டிவனத்தில் இருந்த மண்டியில் மூட்டை தூக்கியவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வண்டி வந்து நின்றதும் முதல் மூட்டையை இறக்குகிறவர் அதைத் தரையில் வைத்து, வாய்த் தையலைப் பிரித்து, ஒரு பிடி காயை அள்ளுவார். காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். பிறகு இரண்டொரு காயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நிறுத்தி, நகம் பதிய அழுத்தி உடைத்து, பருப்பை மேஸ்திரியின் உள்ளங்கையில் வைப்பார். மேஸ்திரி அதை மென்று பார்த்துச் சொல்வார். காய்ந்த காய் என்றால் அடியடுக்கு. ஈரம் நிற்கிற காய் என்றால் மேலடுக்கு. அதை அடியில் போட்டால் புழுங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். மேஸ்திரி சொன்ன பிறகுதான் மற்றவர்கள் அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுப்பார்கள்.

பூமாலை அந்தக் கூட்டத்தின் முதல் மூட்டைக்காரர். அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் முத்துசாமி. அவரைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

பூமாலைக்கு ஊர் பெருமுக்கல். நிலம் இல்லாத குடும்பம். சிறு வயதில் மாடு மேய்த்தார். தோள் திரண்டதும் களை எடுக்கவும் கதிர் அறுக்கவும் போனார். திண்டிவனத்து மண்டிக்கு வந்தபின் அவர் மிகவும் விரும்பியது அங்கிருந்த ஓட்டுக் கூரையை. ஊருக்குப் போகும்போதெல்லாம், "வேர்வை ஒண்ணுதான். ஆனா நெழல்ல வேர்க்குது" என்று சொல்வாராம்.

மூட்டை தூக்குவது ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை. இரண்டு பேர் கொக்கி போட்டு மூட்டையைக் கிளப்ப, மூன்றாமவர் குனிந்து முதுகில் வாங்க வேண்டும். பூமாலையின் முதுகில் ஏற்றிவிட்டவர்களில் ஒருவர் விருத்தாசலம். அவருக்கும் பூமாலை வயதுதான். வாய் சும்மா இராது. ஏற்றிவிடுகிறவருக்குத்தான் மற்றவரின் முதுகு நன்றாகத் தெரியும். பூமாலையின் முதுகு கெட்டுக்கொண்டு வருவதை முதலில் பார்த்தவர் அவர்தான்.

வயசுப் பிள்ளைகள் எல்லாருக்கும் வருகிற பரு பூமாலைக்கும் வந்தது. மற்றவர்களுக்கு வந்து போனது, அவருக்குப் போகவில்லை. முகத்திலிருந்து கழுத்துக்கும், தோளுக்கும், முதுகு முழுக்கவும் இறங்கியது. தோலுக்கு அடியில் புளியங்கொட்டை போலக் கெட்டியாக நின்றது. ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது. மூட்டை உரசும்போது உடைந்து, கோணியில் சீழும் ரத்தமும் பட்டது.

"உம் முதுவுல நாலு கொட்டை போட்டா மொளைக்கும்டா. எருவெல்லாம் ரெடியா கீது" என்பார் விருத்தாசலம்.

"மொளைச்சா நீதான் வந்து களை எடுக்கணும்" என்பார் பூமாலை.

கேலி அந்த அளவில் நின்றது. வலிதான் கூடிக்கொண்டு போனது. மனைவி வீரம்மாள் வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவினார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டார். எண்ணெய் பட்டுப் பட்டு இன்னும் நாலு இடத்தில் கிளம்பியது. உள்ளூரில் வாங்கிய களிம்பு எதுவும் கேட்கவில்லை. மூட்டைக்குக் குனியும்போது பூமாலை பல்லைக் கடிப்பதை மேஸ்திரி தாண்டவராயன் கவனிக்க ஆரம்பித்தார். முதுகு போனால் மூட்டைக்காரருக்கு வேலை போயிற்று. அது எல்லாருக்கும் தெரியும்.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதத்தில், மண்டிக்கு வந்த லாரி டிரைவர் ஒருவர் விழுப்புரத்தில் சக்கரபாணி என்று ஒரு டாக்டர் இருப்பதாகச் சொன்னார். பட்டாளத்தில் இருந்து வந்தவர். தோல் வியாதிகளுக்குப் பார்க்கிறார். பூமாலை பாசஞ்சர் ரயிலில் போனார்.

டாக்டர் அவரை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தி நெடுநேரம் முதுகைப் பார்த்தார். "பருதான். ஆழமாப் போயிட்டது" என்றார்.

"கட்டி இல்லீங்களா?"

"பரு. சின்னப் பையன் மூஞ்சியில வர்ற அதே பரு."

பூமாலைக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு வலிக்கும் இவ்வளவு ரத்தத்துக்கும் பெயர் பருவா என்று இருந்தது.

டாக்டர் மஞ்சள் நிற கேப்சூல் எழுதிக் கொடுத்தார். டெட்ராசைக்ளின். ஆழமான பருவுக்கு இப்போது அதைக் கொடுக்கிறார்கள், மாசக்கணக்கில் சாப்பிட வேண்டும், நல்ல குணம் தெரியும் என்றார். பிறகு சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னார். வெறும் வயிற்றில் போட வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். பால், மோர் கூடச் சேரக் கூடாது. போட்டவுடன் படுக்கக் கூடாது; தொண்டையில் நின்று புண்ணாக்கும். வயிற்றைப் புரட்டும், வயிற்றால் போகலாம், வாய் வெந்துபோகலாம். சின்னக் குழந்தைகள் கையில் கிடைக்கக் கூடாது, பல் கறுத்துவிடும். கர்ப்பிணிகள் தொடக் கூடாது. எழுந்து கிளம்பும் நேரத்தில், "வெயில்ல ரொம்ப நிக்காதே" என்றார்.

"எனக்கு வேலையே நெழல்லதாங்க" என்று பூமாலை சிரித்தார். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மண்டியில் அவர் கட்டிக்கு மருந்து சாப்பிடுவதாகச் சொன்னார். ஆனால் அந்த லாரி டிரைவர் மறுபடி வந்தபோது விஷயம் வெளியே வந்துவிட்டது.

"பருவுக்கா மாத்திரை சாப்புட்ற?" என்றார் விருத்தாசலம். "ரெண்டாந்தாரம் கட்டப் போறியாடா? மாப்ளைக்கு மூஞ்சி மினுக்கணுமில்ல."

கூட்டம் சிரித்தது. மேஸ்திரியும் சிரித்தார். பூமாலை அன்றோடு அந்தப் பேச்சை நிறுத்திவிட்டார். கேப்சூலை வீட்டில் மட்டும் சாப்பிட்டார். மாத்திரையை விட்டுவிட்டதாகவே மண்டியில் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

வெறும் வயிற்றில் போட்டதும் குமட்டியது. இரண்டு மூன்று நாள் மூட்டையோடு நடக்கும்போதே வாந்தி வந்தது. வீரம்மாள் யோசித்தார். மருந்து சூடு, அதனால்தான் புரட்டுகிறது என்று முடிவு செய்தார். காலையில் கேப்பைக் கூழில் மோர் ஊற்றிக் கரைத்துக் கொடுத்து, அந்தக் கூழோடு மாத்திரையையும் கொடுத்தார். குமட்டல் நின்றது. ஒரு மாதம் அப்படியே போயிற்று. முதுகு மட்டும் முன்பு இருந்தது போலவே இருந்தது.

மறுபடி விழுப்புரம் போனபோது டாக்டர் கேட்டுத் தெரிந்துகொண்டு, "மோரோட போட்டா மருந்து உடம்புல சேராது. அப்படியே வெளியே போயிடும். ஒரு மாசம் வீணாச்சு" என்றார். அன்று முதல் பூமாலை எழுந்தவுடன் தண்ணீரோடு கேப்சூலை விழுங்கி, குமட்டலை அடக்கிக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கூழ் குடித்தார். மருந்து அப்போதுதான் அவர் உடம்பில் ஏற ஆரம்பித்தது.

சித்திரையில் கிணற்றுப் பாசனத்து மல்லாட்டை அறுவடை வந்து மண்டி நிரம்பியது. அந்த நெரிசலில் ஒருநாள் பூமாலையின் பிடரியில் இருந்த பெரிய கட்டி மூட்டைக்கு அடியில் உடைந்தது. அவர் மூட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். மூட்டையைத் தூக்கிய ஆள் வழியில் போடுவது அந்த மண்டியில் நடந்ததே இல்லை.

தாண்டவராயன் அவருடைய முதுகைத் துணியால் ஒற்றிவிட்டு, "ஆறுற வரைக்கும் களத்துல காய் தள்ளு" என்றார்.

களத்து வேலை என்றால், ஈரக் காயைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, பலகைத் தள்ளுகோலால் மணிக்கொரு தரம் புரட்டிக் காயவைப்பது. பாரம் கிடையாது. வயதானவர்களும் பெண்களும் செய்கிற வேலை. மூட்டைக்காரருக்கு அதைக் கொடுத்து, கூட்டத்தின் பங்கிலும் குறைக்காமல் வைத்துக்கொள்வதென்றால் அது மேஸ்திரி மனது வைத்தால்தான் நடக்கும். தாண்டவராயன் மனது வைத்தார். மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். விருத்தாசலம், "போய் மகாராசா மாரி நில்லு. உம் மூட்டையும் நான் தூக்கறேன்" என்றார்.

பூமாலைக்கு டாக்டர் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. வெயிலில் நிற்காதே. ஆனால் அதை எப்படிச் சொல்வது? சொன்னால் மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெருமுக்கல்லில் வெயிலிலேயே வளர்ந்த ஆள் எனக்கு வெயில் ஆகாது என்று சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்து வெயில் ஆகாதவர்கள் குடை பிடித்துக்கொண்டு மண்டிக்குக் காய் வாங்க வருகிறவர்கள்தான். தவிரவும் நாலு பேர் தன் பாரத்தைத் தங்கள் முதுகில் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் இந்த உதவி வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லித் தள்ளுகோலை எடுத்துக்கொண்டார்.

புண்ணுக்கு வெயில் பட்டால் நல்லது, சீக்கிரம் வற்றும் என்று களத்துப் பெண்கள் சொன்னார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்தார். மேலே சித்திரை வெயில். கீழே சிமெண்டிலிருந்து எழும்பும் காந்தல்.

முதல் நாளே மூக்கும் கன்னமும் தோளும் முதுகும் புறங்கையும் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தன. உஷ்ணம் என்று நினைத்துப் பழைய சோற்றுத் தண்ணீர் குடித்தார். ஒரு வாரத்தில் முகம் சிவந்து, வீங்கி, தோல் உரிந்து, உரிந்த இடம் திட்டுத் திட்டாகக் கறுத்தது. காது மடல்கள் தடித்துப் பளபளத்தன. ஆனால் முதுகில் கட்டிகள் வற்றிக்கொண்டு வந்தன. அதை வீரம்மாள் தினமும் தடவிப் பார்த்துச் சொன்னார். மருந்து கேட்கிறது என்று பூமாலைக்குச் சந்தோஷம். ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டார்.

பிறகு விரல்களில் வலி வந்தது. நகத்துக்குள் முள் ஏறியது போலக் குத்தியது. சில நாளில் நகங்கள் நுனிப்பக்கம் சதையை விட்டுக் கிளம்பின. கிளம்பிய இடம் வெளுத்து, பின்பு பழுப்பேறியது. முதலில் நடுவிரல்கள், பிறகு பக்கத்து விரல்கள். கட்டைவிரல்கள் கடைசியில். துணி பட்டால்கூட உயிர் போயிற்று. அவர் கைகளை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு நடக்கப் பழகினார்.

இப்போது முத்துசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முத்துசாமி அதே கூட்டத்தில் பல வருஷம் முதல் மூட்டை இறக்கியவர். அவருக்கும் முகம் தடித்தது, காது மடல் பருத்தது, விரல்கள் மடங்கின, நகங்கள் போயின. தொழுநோய், ஊரார் சொல்லும் பெருவியாதி, என்று தெரிந்த அன்று அவர் மண்டியை விட்டுப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. பிறகு அமாவாசைக்கு மேல்மலையனூர் போனவர்கள், கோயில் மதிலோரம் தகரக் குவளையோடு உட்கார்ந்திருந்த வரிசையில் அவரைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

பூமாலையின் காதைப் பார்த்தவர்கள் அவரைத்தான் நினைத்தார்கள். பூமாலையும் அவரைத்தான் நினைத்தார்.

கூட்டம் தண்ணீர் குடிக்க ஒரே செம்புதான். வாயில் படாமல் தூக்கி ஊற்றிக் குடித்துவிட்டு அடுத்த ஆளிடம் கொடுப்பார்கள். ஒருநாள் மதியம் பூமாலை களத்திலிருந்து வந்து கை நீட்டியபோது, விருத்தாசலம் செம்பைக் கொடுக்கவில்லை. பக்கத்தில் புதிதாக இருந்த ஒரு அலுமினியக் குவளையில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்தார்.

"இத்த வெச்சுக்கடா. உனக்குன்னு இருக்கட்டும்" என்றார். பூமாலையின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அங்கே இருந்த எல்லாருக்கும் தனிக் குவளை என்றால் என்னவென்று தெரியும். ஊர்ப்பக்கத்து டீக்கடைகளில் தங்களுக்கென்று ஒதுக்கிவைத்த குவளையை எடுத்துக் குடித்துக் கழுவிவைத்து வளர்ந்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள் கையாலேயே அது வைக்கப்பட்டது. பூமாலை தண்ணீரைக் குடித்தார். குவளையைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார்.

இரண்டு நாள் கழித்து ஒரு வண்டி வந்தது. பூமாலை களத்திலிருந்து நடந்து வந்து, பழக்கத்தால் பிரித்த மூட்டையிலிருந்து காய் எடுத்தார். உடைக்க முடியவில்லை. நகம் மடங்கி ரத்தம் வந்தது. பல்லால் கடித்து உடைத்து, பருப்பை மேஸ்திரியிடம் நீட்டினார். தாண்டவராயன் வாங்கிக்கொண்டார். வாங்கிய கையை மூடிக்கொண்டு, "காஞ்ச காய்தான், தூக்குங்க" என்றார். அவர் மெல்லவில்லை. அவர் நகர்ந்த பிறகு பருப்பு இரண்டும் தரையில் கிடந்தன.

அன்று சாயங்காலம் மேஸ்திரி அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "கொஞ்ச நாள் வூட்ல இருடா பூமால. நான் சொல்லி அனுப்பறேன்."

"இன்னா மேஸ்திரி பண்ணிட்டேன்?"

"நீ ஒண்ணும் பண்ல. தின்ற பொருளாச்சே. மொதலாளி காதுக்குப் போச்சுன்னா நம்ம எல்லாருக்கும் பொழப்பு போயிடும்."

பூமாலை வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் வெளியே போகவில்லை. டாக்டரிடம் போகலாம் என்று வீரம்மாள் சொன்னார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "டாக்டரு பேரு எழுதிக்கினார்னா தனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு பூடுவாங்க. எழுதாத வரைக்கும் ஒண்ணும் இல்ல" என்றார். மாத்திரையை மட்டும் விடவில்லை. தன் உடம்புக்கு நல்லது செய்வது அது ஒன்றுதான் என்று நம்பினார்.

வைகாசி அமாவாசைக்கு வீரம்மாள் மட்டும் செஞ்சி வழியாகப் பஸ் ஏறி மேல்மலையனூர் போனார். அங்காளம்மனுக்கு வேண்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னார். வேண்டிக்கொண்டார். பிறகு மதிலோரம் வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். முத்துசாமியை அவர் தன் கல்யாணத்தின்போது ஒரு தடவை பார்த்ததுதான். முகத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. "திண்டிவனத்து மண்டியில இருந்தவரு யாருனா கீறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

ஒருவர் தலை நிமிர்ந்தார். "யாரும்மா நீ?"

"பூமால சம்சாரம். பெருமுக்கல் பூமால."

"அவனா. எனக்கப்பறம் மொத மூட்டைக்கு நின்னவன்." அவர் வீரம்மாளின் கையைப் பார்த்தார். காசு போட வந்தவர் இல்லை என்று புரிந்துகொண்டார். "இன்னா, அவனுக்கும் வந்துட்சா?"

வீரம்மாள் எதிரில் உட்கார்ந்தார். "தெரீலங்க. அத்த கேக்கத்தான் வந்தேன். உங்களுக்கு மொதல்ல எப்டி வந்துச்சு?"

முத்துசாமி குவளையை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு சொன்னார். "அடுப்பாண்ட உக்காந்து பீடி குடிச்சிக்கினு இருந்தேன். நாத்தம் வந்துச்சு. இன்னாடா கருகுதுன்னு சுத்தி சுத்திப் பாக்கறேன். எம் வெரலு கருகிக்கினு கீது. எனக்குத் தெரீல."

"வலிக்கலியா?"

"வலிச்சா எடுத்திருக்க மாட்டனா? ஆணி ஏறும், தெரியாது. கொக்கி கிழிக்கும், தெரியாது. அடுத்தவன் பாத்துச் சொன்னாத்தான் தெரியும்." அவர் மடங்கிய கையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டார். "அவனுக்கு எப்டி?"

"நகமெல்லாம் எழும்பிக்கிச்சு. துணி பட்டாக்கூடத் துடிச்சிப் போறாருங்க. ராவுல தூக்கமே இல்ல."

"வலிக்குதா?"

"வலிக்குதுன்னா அப்டி வலிக்குது."

"அப்ப எங்கிட்ட இருக்கறது இல்லம்மா அது" என்றார் முத்துசாமி. "வேற எதுவோ. டாக்டராண்ட இட்டுக்கினு போ. ஜல்தியா போ. இங்க உக்காந்து கத கேட்டுக்கினு இருக்காத."

வீரம்மாள் எழுந்தார். முந்தானையில் முடிந்திருந்ததை எடுத்து அவருடைய குவளையில் போடப் போனார். அவர் குவளையைக் கையால் மூடிக்கொண்டார். "பூமால வூட்டுக் காசு வாணாம். அவன் வேலைக்குப் போனான்னா மல்லாட்ட கொஞ்சம் கொண்டாரச் சொல்லு. தின்னு வருசமாச்சு."

வீட்டுக்கு வந்ததும் வீரம்மாள் பூமாலையின் பக்கத்தில் உட்கார்ந்தார். புருஷனின் கையை எடுத்து, எழும்பியிருந்த நகத்தின் மேல் ஒரு விரலால் லேசாக அழுத்தினார். பூமாலை அலறிக் கையை இழுத்துக்கொண்டார்.

"புத்தி கெட்டுப் பூட்சா உனக்கு?"

"வலிக்குதா மாமா?"

"வலிக்காம?"

வீரம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மேல்மலையனூரில் நடந்ததைச் சொல்லி முடிக்க நேரமாயிற்று. பூமாலை கேட்டுவிட்டு, தன் விரல்களைத் தானே ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டார். இத்தனை நாளும் எந்த வலிக்குப் பயந்தாரோ அதையே இப்போது ஒவ்வொரு விரலிலும் தேடினார். எல்லா விரலிலும் இருந்தது.

மறுநாள் விழுப்புரத்தில் டாக்டர் சக்கரபாணி அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, முகத்திலும் கையிலும் பஞ்சு நுனியால் தொட்டார். தொட்ட இடத்தை எல்லாம் பூமாலை சரியாகக் காட்டினார். ஊசியால் குத்தினார். பூமாலை துள்ளினார். முழங்கையின் உள்பக்கம் நரம்பைத் தடவிப் பார்த்தார், அது தடித்திருக்கவில்லை. காது மடலில் சின்னதாகக் கீறி, கண்ணாடித் தகட்டில் தடவி உள்ளே எடுத்துக்கொண்டு போனார். அவர் திரும்பி வரும் வரைக்கும் வீரம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த வியாதி இல்லை" என்றார் டாக்டர். "இது வெயில். இந்த மாத்திரை சாப்பிடும்போது சிலருக்குத் தோல் வெயிலைத் தாங்காது. நகத்துக்கு அடியிலும் அதே கதிதான். எங்கே நின்னே?"

பூமாலை களத்தைப் பற்றிச் சொன்னார்.

"வெயில்ல நிக்காதேன்னு நான் சொன்னேனே."

"சொன்னீங்க. நான்தான் யாராண்டயும் சொல்லல."

டாக்டர் சற்று நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். "நிக்காதேன்னு மட்டும் சொன்னேன். நின்னா என்ன ஆகும்னு சொல்லல. அது எல்லாரும் சொல்ற பேச்சு மாதிரிதான் உனக்கு இருந்திருக்கும்" என்றார். மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார். நகம் மெதுவாகத்தான் வளரும், மாசங்கள் ஆகும், ஆனால் வளர்ந்துவிடும் என்றார். முதுகில் தழும்பு இருக்கும். முகத்துக் கறுப்பு முழுக்கப் போகாது.

திண்டிவனத்தில் இறங்கியதும் வீரம்மாள் புருஷனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேராக மண்டிக்குப் போனார். தாண்டவராயனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"களத்துல போட்டது நானு" என்றார் கடைசியில்.

"நல்லதுக்குத்தான் போட்டீங்க, மேஸ்திரி. அது எங்களுக்குத் தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல அவன். வெயிலு ஆகாதுன்னு."

"சொல்லியிருந்தா நீங்கல்லாம் சிரிச்சிருப்பீங்க."



அடுத்த வாரம் பூமாலைக்குக் கூரைக்கு அடியில் கிழிந்த சாக்குகளைப் பிரித்து அடுக்கும் வேலை கிடைத்தது. மேஸ்திரி சொன்னதால் கூட்டம் ஒத்துக்கொண்டது. நம்பியது என்று சொல்ல முடியாது. டாக்டர் சொன்னாராமே என்றார்கள். அதைச் சொன்னது அவன் சம்சாரம்தானே என்றும் சொல்லிக்கொண்டார்கள். அலுமினியக் குவளை இருந்த இடத்திலேயே இருந்தது. பூமாலை அதிலேயே குடித்தார். கழுவிக் கவிழ்த்துவைத்தார். விருத்தாசலம் கேலி பேசுவதை நிறுத்தியிருந்தார். பூமாலைக்கு அதுதான் குவளையைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஆடி போய், ஆவணி போய், மழை வந்தது. நகங்கள் அடியிலிருந்து சிவப்பாக ஏறி வந்தன. பழைய நகத்தை அவை தள்ளிக்கொண்டு வருவதை அவர் தினமும் பார்த்தார். கார்த்திகையில் மானாவாரிக் காய் வர ஆரம்பித்தபோது பத்து விரலிலும் நகம் முழுசாக இருந்தது. கொஞ்சம் தடிப்பு, கொஞ்சம் மேடு பள்ளம். முதுகு தழும்பாகிக் காய்ந்திருந்தது.

முதல் வண்டி வந்தது. தாண்டவராயன், "பூமால, எறக்கு" என்றார்.

விருத்தாசலம் கொக்கியை எடுத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார். யாரும் அவரை அழைக்கவில்லை. மூட்டையை ஏற்றும்போது, "தழும்பு உரசுதா?" என்று கேட்டார். அதுதான் பல மாதத்துக்குப் பிறகு அவர் பூமாலையிடம் பேசிய முதல் பேச்சு.

"பரவால்ல, ஏத்து."

பூமாலை மூட்டையை இறக்கிவைத்தார். வாயைப் பிரித்தார். ஒரு பிடி காய் எடுத்துக் காதோரம் குலுக்கினார். கட்டைவிரலை வைத்து அழுத்தினார். காய் உடைந்தது. பருப்பை மேஸ்திரியின் கையில் வைத்தார். தாண்டவராயன் எல்லாரும் பார்க்க அதை வாயில் போட்டு மென்றார். நிதானமாக மென்றார். "காஞ்ச காயி. அடியில போடுங்க" என்றார்.

பூமாலை இன்னொரு காயை உடைத்து விருத்தாசலத்திடம் நீட்டினார். அவர் வாங்கிக் கைக்குள் மூடிக்கொண்டார். அதைத் தின்றாரா என்று பூமாலை நின்று பார்க்கவில்லை. அடுத்த மூட்டைக்குக் குனிந்துவிட்டார். பிறகு என்றைக்கும் கேட்கவும் இல்லை. ஆனால் மதியம் செம்பு அவரிடம் வந்தது. யார் கொடுத்தார்கள் என்று அவர் கவனிக்கவில்லை; குடித்துவிட்டு அடுத்த ஆளுக்குக் கொடுத்தார்.

அந்த மாதத்து அமாவாசைக்குப் பூமாலையும் வீரம்மாளும் மேல்மலையனூர் போனார்கள். ஒரு துணிப் பையில் மல்லாட்டை இருந்தது. முத்துசாமி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். பூமாலையைப் பார்த்ததும் முதலில் அவருடைய கைகளைக் காட்டச் சொன்னார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

பூமாலை அவருக்குப் பக்கத்தில், மதிலோரம் கீழே உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பிடி காய் எடுத்தார். கூட்டம் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. காதோரம் வைத்துக் குலுக்கினார். ஒரு காயை நகத்தால் உடைத்தார். முத்துசாமியின் மடங்கிய கையில் பருப்பு நிற்காது என்பதால், அதைத் தன் விரலால் அவர் வாயில் வைத்தார்.

முத்துசாமி கண்ணை மூடிக்கொண்டு மென்றார். மென்று முடித்துச் சொன்னார்.

"ஈரம் கீது. மேலடுக்குல போடு."